"வெளிக்கிட்டிட்டன்" என்று சொன்ன அக்காவுக்கு

என் பாசமுள்ள அக்கா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதலாவது ஆண்டுத் திவசம். நினைவு மலர் ஒன்று அச்சடிக்கிறோம். அட்டையில் உங்கள் படம், உள்ளே தேவாரம், அதற்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம். "தம்பியார் எழுதினால்தான் வடிவு" என்று எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். என் மனைவி வசந்தி மட்டும், "ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதையுங்கோ அப்பா, சாப்பாட்டுக்கு முதல் ஒருத்தரும் பொறுமையா வாசிக்கமாட்டினம்" என்றாள். ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற விஷயமாக இருந்தால் நான் ஒரு வருடமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன்.

நீங்கள் போன நாளைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கதை சொல்லியிருக்கிறேன், அக்கா. அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த மிச்சத்தை எழுதத்தான் இப்போது குந்தியிருக்கிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நான் போன் எடுத்தால் நீங்கள் முதலில் கேட்பது "என்ன புதினம்?" என்பதுதானே. புதினத்திலிருந்தே தொடங்குகிறேன்.

புதினம் இதுதான். இங்கே ஒருவரும் வெளிக்கிடுவதில்லை.

வெளிக்கிடுதல் என்றால் என்னவென்று இந்த மலரைப் புரட்டும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் நல்ல உடுப்பு உடுத்து, தலை இழுத்து, பவுடர் பூசி, பொட்டு வைத்துத் தயாராவதும் வெளிக்கிடுதல்தான். வீட்டை விட்டுப் புறப்படுவதும் வெளிக்கிடுதல்தான். இரண்டுக்கும் ஒரே சொல். உடுத்தால் போவோம், போவதென்றால் உடுப்போம் என்றிருந்த சனத்துக்கு இரண்டு சொல் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

போன ஆவணியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லவாலில் ஒரு கலியாணம். அழைப்பிதழின் அடியில், "எளிமையான உடையில் வந்து மகிழ்விக்கவும்" என்று போட்டிருந்தார்கள். எளிமை என்று போட்டால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? ஒருவர் அரைக்காற்சட்டையோடு வந்து முன்வரிசையில் இருந்தார். பொம்பிளையின் மாமா ஒருவர் ஹொக்கிச் சட்டையோடு வந்து அறுகரிசி போட்டார். மாப்பிள்ளையின் சிநேகிதப் பொடியள் எல்லோருக்கும் பட்டுவேட்டி, கீழே வெள்ளை ஓட்டச் சப்பாத்து. ஐயர் ஒருவர்தான் அந்த மண்டபத்தில் ஒழுங்காக உடுத்திருந்தார். அவர் வேலைக்கு வந்தவர்.

படத்துக்காக வெளிக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லவேண்டும். ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் போனோம். பிள்ளை ஐந்து தரம் உடுப்பு மாற்றினாள். ஒவ்வொரு தரமும் லைட்டை அணைத்து, புகை விட்டு, படம் எடுக்கிறவர் சொன்ன இடத்தில் நின்று சிரித்தாள். நாங்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். கமெரா போனதும் தாயும் தகப்பனும் ரீசேர்ட்டுக்கு மாறிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மேசை மேசையாக வந்து எங்களிடம் "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார்கள். நாங்கள் அவர்கள் கூப்பிட்ட சனமா, படத்துக்குப் பின்னால் நிற்கிற சுவரா? நீங்கள் இருந்திருந்தால் அந்தத் தாயிடம் கேட்டே இருப்பீர்கள்.

உங்கள் மருமகள், என் மகள் ஆரணி, படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்புக்குப் போகவில்லை. கறுப்பு அங்கியை வாடகைக்கு எடுத்து, இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, ஒரு கை கொடுத்துவிட்டு வருவதற்கு யார் போவார்கள் என்றாள். பட்டம் தபாலில் வந்தது. குசினி மேசையில் வைத்து உறையைக் கிழித்தாள். கிழித்துவிட்டு, "மாமி இருந்தா விட்டிருக்கமாட்டா, என்னப்பா?" என்று கேட்டாள். நான் கிழிந்த உறையைப் பொறுக்கி மடித்து வைத்தேன்.

இதையெல்லாம் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இந்த வரிசையில் முன்னுக்கு நிற்பவன் நான். துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் இழுக்கிறவனுக்கு என்ன கோட்டும் ரையும் என்று சொல்லிச் சொல்லியே பத்து வருடமாகக் கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் ஒரே நீல ஜீன்சோடும், வேலையில் தந்த கறுப்பு ஜக்கெட்டோடும் போய்வந்தவன். "இந்த ஊரில ஆறு மாசம் எல்லாருக்கும் ஒரே உடுப்புத்தான் அக்கா. ஜக்கெட்டுக்குள்ள என்ன போட்டா என்ன?" என்று உங்களிடம் ஒருநாள் விண்ணாணம் கதைத்தேன். "உள்ள போனா ஜக்கெட்டைக் கழட்டுவினம் தானே?" என்று கேட்டுவிட்டு நீங்கள் உங்கள் பாட்டில் சாறிக்கு மடிப்பு எடுத்தீர்கள்.

நீங்கள் வெளிக்கிட்டீர்கள். கடைசிவரை வெளிக்கிட்டீர்கள்.

கோட்-டெ-நெய்ஜில் அந்தச் சின்ன வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் இருபது வருடத்துக்கு மேல் நிலம் துடைத்தீர்கள். நீல உடுப்பு, கையுறை, தலைக்கு வலை. ஒருநாள் நீங்கள் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. "கிழமையில ஐஞ்சு நாள் சனம் என்னைச் சுத்திக்கொண்டு போகும், தம்பி. வாளியைப் பாப்பினம், வழுக்கிப்போடும் எண்டு. என்னைப் பாக்கமாட்டினம்." நான் அப்போது தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

அத்தான் போன பிறகும் நீங்கள் நிறச்சாறி கட்டினீர்கள், பொட்டு வைத்தீர்கள், சங்கிலியும் காப்பும் போட்டீர்கள். சனம் சும்மா இருக்குமா? "ஆருக்குக் காட்ட இந்த எடுப்பு?" என்று ஒரு பெண் கலியாணவீட்டில் உங்கள் காதுபடவே கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். நான் அவளைத் திருப்பிக் கேட்டிருக்கவேண்டும். நீங்கள்தான் சிரித்துக்கொண்டு பதில் சொன்னீர்கள்: "கூப்பிட்டவைக்குத்தான், பிள்ளை. அவை என்னை நினைச்சுக் கூப்பிட்டவை. நான் அவையை நினைச்சு வெளிக்கிடுறன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இதற்கு மேல் இந்த விஷயத்தில் யாரும் எதையும் சொல்லிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. அக்கா வாய்க்காரி என்று மட்டும் நினைத்தேன்.

உங்களை ஏற்றிக்கொண்டு போவது என் பொறுப்பு. நகரத்தின் மேற்கு ஓரம், கர்க்லாண்டில் இருந்து வருகிறவனுக்குக் கோட்-டெ-நெய்ஜ் வழியில் இல்லை. லவாலுக்குப் போவதென்றால் எங்களுக்கு நேர் பாதை இருக்கிறது. உங்களை ஏற்றவேண்டுமென்றால் டெக்காரிப் பாதையில் இறங்கி, அங்கே எப்போதும் நடக்கிற றோட்டு வேலைக்குள் மாட்டுப்பட்டு, திரும்பவும் மேலே ஏறவேண்டும். கிழமை முழுக்க ட்ரக் ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டியரிங்கா என்று மனதுக்குள் புறுபுறுப்பேன். மனதுக்குள் மட்டும் இல்லை. உங்களுக்கும் கேட்டிருக்கும்.

நீங்கள் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு பிறந்தநாளுக்குப் போனோம். ஒரு வயதுப் பிள்ளையின் பிறந்தநாள். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில், பலூனுக்கு நடுவில். நீங்கள் அரக்குப் பட்டுச்சாறி, அட்டியல், கொண்டையில் துணிப்பூவோடு வந்து இறங்கினீர்கள். மற்ற எல்லோரும் லெகிங்ஸும் ஸ்வெட்டரும். அங்கே நின்ற இரண்டு பெட்டைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். திரும்பிவரும்போது காருக்குள், வசந்திக்கும் ஆரணிக்கும் முன்னால் நான் சொன்னேன்: "அக்கா, இனிமேல் கொஞ்சம் குறைச்சு வெளிக்கிடுங்கோ. சனம் சிரிக்குது."

நீங்கள் மேற்கோட்டை இழுத்துச் சாறியை மூடிக்கொண்டீர்கள். உங்கள் கட்டடத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் வாயைத் திறந்தீர்கள். "உனக்குக் கரைச்சலெண்டா சொல்லு, தம்பி. அடுத்த கலியாணத்துக்கு நான் லீலாவோட போறன்." லீலாக்கா உங்களோடு ஆஸ்பத்திரியில் வேலைசெய்தவர், இரண்டு தெரு தள்ளி இருந்தவர். அவவின் மகனிடம் கார் இருந்தது. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கலியாணம் பங்குனி மாதத்து ஞாயிறு. பத்தரைக்கு முகூர்த்தம், லவாலில். பனி உருகி றோட்டெல்லாம் சேறு. காலை எட்டரைக்கு நான் வாசலில் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது.

"தம்பி, நான் வெளிக்கிட்டிட்டன்."

"சரி அக்கா."

அவ்வளவுதான் நாங்கள் கதைத்தது. பத்து விநாடி இருக்காது. உங்கள் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருந்ததா? ஒரு வருடமாக அந்த மூன்று சொல்லையும் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். மூச்சு வாங்கியதா? என்னால் சொல்ல முடியவில்லை.

"மச்சாள் என்னவாம்?" என்று வசந்தி கேட்டாள்.

"வெளிக்கிட்டிட்டாவாம். லீலாக்காவோட வாறா போல," என்றேன்.

நாங்கள் நேரே லவாலுக்குப் போனோம். வாசலில் ஜக்கெட்டை வாங்கித் தொங்கவிட்டார்கள். போன் ஜக்கெட் பைக்குள் இருந்தது. தாலி கட்டினார்கள். "மச்சாளைக் காணேல்லை" என்று வசந்தி இரண்டு தரம் சொன்னாள். "பொம்பிளையள் பக்கம் எங்கையும் இருப்பா. எழும்பிப் போய்த் தேடேலுமே?" என்றேன். சாப்பாடு வந்தது. சாப்பிட்டேன். அன்றைக்குச் சாப்பாடு நல்லாக இருந்தது என்பது கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, அக்கா.

ஒரு மணிக்கு மேல் ஜக்கெட்டை எடுக்கப் போனேன். போனில் நீங்கள் மூன்று தரம் கூப்பிட்டது இருந்தது. ஒன்பதே முக்கால். பத்து மணி ஐந்து நிமிடம். பத்தே முக்கால். அதோடு முடிந்தது. நான் திருப்பி எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போது பக்கத்தில் யாரோ மேற்கோட் வாங்கினார்கள். திரும்பிப் பார்த்தால் லீலாக்கா.

"என்ன தம்பி, ஈசு எங்க? உங்களோடதானே வாறன் எண்டவா?"

ஜக்கெட்டைக் கூடப் போடாமல் காருக்கு ஓடினேன். லவாலில் இருந்து உங்கள் வீட்டுக்கு எந்தப் பாதையால் ஓட்டினேன் என்று கேட்டால் தெரியாது. உங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று என் சாவிக் கோர்வையில் எப்போதும் இருந்தது. திறந்தேன். கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தீர்கள். பச்சைப் பட்டு, மாம்பழ நிறக் கரை. காலில் குளிர்ச் சப்பாத்து கட்டி முடித்திருந்தது. மண்டபத்தில் மாற்றுவதற்குச் செருப்பை ஒரு பைக்குள் வைத்திருந்தீர்கள். மடியில் மேற்கோட்டும், அதன் மேல் பரிசுப் பெட்டியும். தலை மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. "அக்கா" என்று கூப்பிட்டேன். கையைத் தொட்ட பிறகு கூப்பிடுவதை நிறுத்தினேன்.

அம்புலன்ஸில் வந்தவர்களில் ஒரு இளம் பொடியன், பிரெஞ்சுக்காரன், தன் பையைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவ்வளவு வடிவாக எங்கே போக இருந்தா?" என்று பிரெஞ்சில் கேட்டான். "மரியாஜ்" என்றேன், கலியாணத்துக்கு என்று. அவன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டான். எங்கள் ஆட்கள் யாரும் உங்களுக்கு அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நானும் செய்ததில்லை.

இருதயம் என்றார்கள். யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் தப்பியிருப்பாவா என்று டொக்டரைக் கேட்டேன். "சொல்லேலாது" என்பதுதான் பதில். ஓம் என்று சொல்லியிருக்கலாம், இல்லை என்று சொல்லியிருக்கலாம். இந்தச் "சொல்லேலாது" என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிசன் எப்படி இருப்பது?

செத்தவீட்டுக் காரியம் பார்க்கிற மலர்ச்சாலையில் உங்களுக்கு உடுத்துவதற்கு உடுப்புக் கொண்டுவரச் சொன்னார்கள். வசந்தி உங்கள் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் அழுதாள். லீலாக்காதான் முடிவு சொன்னா. "அவ தானே வெளிக்கிட்டவா. பேந்து ஏன் மாத்துறியள்? அதையே கட்டிவிடுவம்." அந்தப் பச்சைப் பட்டையே திரும்பக் கட்டிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள், "கலியாணவீட்டுக்குப் போறமாதிரிக் கிடக்கிறா" என்றார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் ஜக்கெட்டைக் கழற்றவில்லை. என்னோடு வேலைசெய்கிறவர்கள் நாலுபேர் துறைமுகத்திலிருந்து நேரே, மஞ்சள் மேலங்கியோடு வந்தார்கள். வந்ததே பெரிய விஷயம் என்று சொல்வதா, வெளிக்கிட்டு வந்திருக்கலாம் என்று சொல்வதா? எனக்குக் கொள்ளி வைக்கிற உரிமை வந்ததால் வேட்டி கட்டவேண்டி வந்தது. அதை வெளிக்கிட்டது என்று சொல்லமாட்டேன். ஐயர் கட்டச் சொன்னார், கட்டினேன்.

அங்கேதான் அந்தக் கதை பிறந்தது. நான் அழுதழுது ஒருவரிடம் சொன்னேன், வெளிக்கிட்டிட்டன் என்றா, புறப்பட்டுவிட்டா என்று நினைத்துவிட்டேன், உடுத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறா என்று. அது வாய்க்கு வாய் போனது. "ஒரு சொல்லால வந்த வினை, தம்பி. நீ என்ன செய்யிறது?" என்று முதுகைத் தடவினார்கள். இரங்கலுரை சொன்ன ஒருவர் எங்கள் தமிழில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதைப் பற்றியே ஐந்து நிமிடம் பேசினார். சனம் உச்சுக்கொட்டியது. நானும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன். இந்த ஒரு வருடமும் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறேன்.

இனி அந்த மிச்சம்.

நீங்கள் போவதற்கு இரண்டு மாரிக்கு முன்னால் ஒருநாள் உங்களை ஏற்ற வந்து, கட்டடத்துக்குக் கீழே நாற்பது நிமிடம் காரோடு நின்றேன். நீங்கள் மேலே கொண்டை சரிவரவில்லை என்று மினக்கெட்டுக்கொண்டிருந்தீர்கள். பொறுமை கெட்டு மேலே ஏறிவந்து கத்தினேன். "இனிமேல் வெளிக்கிட்டு முடிஞ்சாப்பிறகு எனக்குப் போன் எடுங்கோ. அதுக்குப் பிறகுதான் நான் வீட்டில இருந்து காரை எடுப்பன். சும்மா வந்து நிண்டு மினக்கெட எனக்கேலாது." நீங்கள் தலைக்குக் குத்துகிற ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, சரி என்று தலையாட்டினீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் நீங்கள் அந்தச் சட்டத்தைத் தவறாமல் காத்தீர்கள். முழுதாக உடுத்து, கதவடியில் கதிரை போட்டு இருந்துகொண்டு போன் எடுப்பீர்கள். "தம்பி, நான் வெளிக்கிட்டிட்டன்." நான் "சரி அக்கா" என்பேன். என்றுவிட்டு வருவேன். எத்தனை தரம்? ஒவ்வொரு தரமும் அதே சொல், அதே பதில். ஊருக்கு அந்தச் சொல்லில் இரண்டு பொருள் இருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் இடையில் அதற்கு ஒரு பொருள்தான் இருந்தது, அக்கா. வா என்பதுதான் அந்தப் பொருள். அதை உண்டாக்கியவனே நான்தான்.

அன்றைக்குப் போனை வைத்துவிட்டு ஒரு கணம் வாசலில் நின்றேன். லீலாவோடு போறன் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. வந்தது என்று எழுதுவதுகூடச் சரியில்லை, வரவழைத்தேன். ஒரு கேள்வி போதும். "அக்கா, எங்க நிக்கிறியள்?" திருப்பி எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால், வீட்டில் என்று சொல்வீர்கள். சொன்னால் நான் வரவேண்டும். அதனால் கேட்கவில்லை. எனக்கு விளங்கவில்லை என்பது பொய். விளங்கிக்கொள்ளாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

தூரம் மட்டும்தான் காரணம் என்றால்கூட மனதை ஆற்றிக்கொள்வேன். அதுவும் இல்லை. உங்களோடு மண்டபத்துக்குள் நுழைய எனக்கு வெட்கமாக இருந்தது. சனம் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறது என்று சொன்னேனே, அது என் சாட்டு. பட்டுச்சாறியோடு நீங்கள் பக்கத்தில் வந்தால்தான் என் ஜீன்ஸ் தெரியும். தனியே போனால் நானும் எல்லோரையும் போல. கூப்பிட்ட மனிசரை மதிக்காமல் வந்து நிற்கிறவன் என்பது உங்களுக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும்தான் வெளிச்சமாகும். அந்த ஒரு காலைக்கு அதிலிருந்து தப்ப நினைத்தேன்.

நீங்கள் ஏன் லீலாக்காவுக்குப் போன் எடுக்கவில்லை? ஏன் ஒரு டாக்சி பிடிக்கவில்லை? நெஞ்சு நொந்திருந்தால் அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே? மூன்று தரமும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஏலாமல் வந்துதான் கூப்பிட்டீர்களா, இல்லை ஏன் இவன் பிந்துகிறான் என்று கேட்கத்தானா? பத்தே முக்காலுக்கு, தாலி கட்டி முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகும், சாறியைக் குலைக்காமல் சப்பாத்தைக் கழற்றாமல் இருந்திருக்கிறீர்கள். தம்பி வருவான் என்று. அது கோபமாக இருந்திருந்தால் நல்லது. நம்பிக்கையாக இருந்திருந்தால் என்னால் தாங்க ஏலாது.

எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சொல் இல்லை. ஆரணி "ரெடியா?" என்கிறாள், வசந்தியும் அப்படியே பழகிவிட்டாள். நான் பக்கத்தில் நின்றால் மற்றவர்களும் அதைத் தவிர்ப்பது எனக்குத் தெரிகிறது. ஐப்பசியில் ஒரு கலியாணத்துக்கு ஒழுங்காகப் போவது என்று முடிவெடுத்து ஒரு கோட்டும் ரையும் வாங்கினேன். போட்டேன். கண்ணாடியில் ஒரு நல்ல மனிசன் நின்றான். அவனைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. கட்டிலில் குந்திவிட்டேன். "வாறீங்களோ இல்லையோ?" என்று வசந்தி கதவடியில் நின்று கேட்டாள். பிறகு அவள் தனியே போனாள். கோட்டைக் கழற்றாமல் அவள் திரும்பி வரும்வரை அப்படியே இருந்தேன்.

காலம் ஆற்றும் என்கிறார்கள். ஆற்றவில்லை, அக்கா. எனக்கு மன்னிப்பும் வேண்டாம். கொடுக்கவேண்டிய ஆள் நீங்கள். நீங்கள் இருந்தால் கேட்காமலே கொடுத்துவிடுவீர்கள் என்று தெரிந்திருப்பது அதைவிடக் கொடுமை.

ஒன்றே ஒன்று செய்வேன். ஞாயிற்றுக்கிழமை திவசம் பதினொரு மணிக்கு. காலை எட்டரைக்கு நான் அந்தக் கோட்டோடும் ரையோடும் உங்கள் கட்டடத்துக்குக் கீழே காரைக் கொண்டுவந்து நிறுத்துவேன். உங்கள் வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. ஒருவரும் இறங்கி வரப்போவதில்லை. இதனால் உங்களுக்கும் பலனில்லை, எனக்கும் ஆறுதலில்லை. ஆனாலும் நிற்பேன், பத்தே முக்கால் வரைக்கும். உங்கள் மூன்றாவது போன் வந்த நேரம் கழிந்த பிறகுதான் அங்கிருந்து காரை எடுப்பேன்.

பிறகு மண்டபத்துக்குப் பிந்தி வந்து, உங்கள் படத்துக்கு முன்னால் நிற்பேன். அதற்குள் இந்த மலர் எல்லோர் கையிலும் இருக்கும். வாசித்தவர்கள் என்னைப் பார்க்கட்டும். இனி ஒருவரும் என் முதுகைத் தடவி, ஒரு சொல்லால வந்த வினை என்று சொல்லமாட்டார்கள். சொல்லில் ஒரு பிழையும் இல்லை, அக்கா. நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். எனக்குச் சரியாகத்தான் கேட்டது.

உங்களை ஏற்ற வராத,
உங்கள் ஒரே தம்பி